அடுக்கில் வைக்க ஒரு புத்தகம்

ஈரத்துணியால் ஒரு துடைப்பு, காய்ந்த துணியால் ஒரு துடைப்பு, மோதிர விரலால் சந்தனம், அதன் நடுவில் குங்குமம், அடுத்த புத்தகம். பெரிய புத்தகமெல்லாம் ஹரியுடையது. ஹரி என் வீட்டுக்காரருக்குத் தம்பி, இன்ஜினியரிங் கடைசி வருஷம், ஒவ்வொன்றும் செங்கல் கனம், தூக்கித் தூக்கி மணிக்கட்டு விட்டுப்போகிறது. சரஸ்வதி பூஜை என்றால் இந்த வீட்டில் புத்தகம் துடைப்பது என் வேலை, கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்தே அப்படித்தான், யாரும் சொல்லி ஆரம்பிக்கவில்லை, துணியைக் கையில் எடுத்தேன், அது என் வேலையாகிவிட்டது. துடைத்துப் பொட்டு வைத்து அடுக்கி, பூஜை அறைக்குத் தூக்கிக்கொண்டு போய் அத்தையிடம் கொடுக்க வேண்டும். அத்தை மேலே பட்டுத்துண்டு போர்த்தி விளக்கேற்றுவார், அதோடு சரி, மறுநாள் காலை வரைக்கும் யாரும் தொடக் கூடாது, ஒன்றைச் சேர்க்கக் கூடாது, ஒன்றை உருவக் கூடாது. சந்தனம் நீர்த்துப்போய்விட்டது, விரலில் நிற்காமல் வழிகிறது, இன்னும் கொஞ்சம் பொடி போட வேண்டும், போடுவதற்கு எழுந்திருக்க வேண்டும், எழுந்திருக்க முடியாது, என் முழங்காலுக்குக் கீழே விரித்த பேப்பருக்கு அடியில் ஒன்று இருக்கிறது. காலையில் அத்தை சமையலறையில் நின்று, "துளசி, உன்ற சாமானுக்கெல்லாம் பொட்டு வெச்சுட்டேன், பாத்துக்க கண்ணு" என்றார். திரும்பிப் பார்த்தேன். அருவாமனை, மிக்சி, கிரைண்டர், கேஸ் அடுப்பு, எல்லாம் நெற்றியில் பொட்டோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. ஆயுத பூஜை ஆச்சே, அவரவர் ஆயுதத்துக்கு இன்றைக்கு மரியாதை, என் வீட்டுக்காரருக்குப் பட்டறையில் லேத்து மெஷின், ஹரிக்குப் புத்தகம், என் மகள் நிவிக்கு யூகேஜி புத்தகமும் சிலேட்டும், எனக்கு அருவாமனை. அத்தை குத்தலாகச் சொல்லவில்லை. பாசமாகத்தான் சொன்னார், கண்ணு என்றுதான் சொன்னார், அதுதான் எரிகிறது. குத்தலாகச் சொல்லியிருந்தால் மனசுக்குள்ளாவது நாலு வார்த்தை திருப்பிச் சொல்லிவிட்டு ஆறியிருப்பேன், பாசமாகச் சொன்னதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது. "சரிங் அத்தை" என்றேன். எனக்கு எல்லாமே சரிங்தான். தொண்டைக்கு மேலே வருவது அந்த ஒரு சொல்தான்.

இது ஆர்.சி. புக். துடை, சந்தனம், குங்குமம். இது அவருடைய பாங்கு பாஸ்புக். இது கேஸ் புக். ஆமாம், கேஸ் புக்கும் அடுக்கில் உண்டு. முதல் வருஷம் அத்தை அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, "இதுவுமுங்களா அத்தை?" என்றேன், "ஏன், அது இல்லாட்டி உலை எரியுமா? வெய்யி, வெய்யி" என்றார். அப்போது சிரித்தேன். இப்போது கேஸ் புக்கின் மேல் சந்தனத்தை அழுத்தி அழுத்தி வைக்கிறேன். சிலிண்டர் வந்த தேதியைத் தவிர அதில் எழுத ஒன்றுமில்லை, அதற்கு சரஸ்வதி பக்கத்தில் இடம் இருக்கிறது. சற்று முன்னால் நிவி ஓடிவந்து என் தோளில் தொங்கிக்கொண்டு, "அம்மா, நீ என்ன வெக்கப்போற?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "உனக்குத்தான் அருவாமனை இருக்குதே, அப்பத்தா சொல்லிச்சு" என்றாள். அப்புறம், "நாளைக்கு நான் ரைம்ஸ் படிப்பேன், சித்தப்பா இங்கிலீஷ் படிப்பாங்க, அப்பா பாஸ்புக் படிப்பாங்க, நீ சுண்டல் குடுப்ப" என்று விரல் மடக்கிச் சொல்லிவிட்டு ஓடிப்போனாள். மடக்கின விரலில் எனக்கும் ஒன்று இருந்தது, சுண்டல் விரல். இந்த வீட்டு வழக்கம் அது. மறுநாள் விஜயதசமி காலையில் எல்லோரும் குளித்துவிட்டு வந்து நிற்க, அத்தை பட்டுத்துண்டை எடுப்பார், அவரவர் தன் புத்தகத்தை எடுத்து எல்லோர் முன்னாலும் சத்தமாக நாலு வரி படிக்க வேண்டும், அதற்கப்புறம்தான் காபி. ஹரி ரயில் போகிற வேகத்தில் படிப்பான். அவர் பாஸ்புக்கைப் பிரித்து, அறுபது பக்கக் காவியம் போல இழுத்து இழுத்துப் படித்து எல்லோரையும் சிரிக்கவைப்பார். நானும் சிரிப்பேன், கையில் தட்டு இருக்கும், தட்டு ஆடாமல் சிரிக்கப் பழகிவிட்டது. நிவிக்கு இப்போது ஐந்து வயது. அவள் பார்த்துப் பார்த்து மனசில் வரைந்துகொள்கிற படம் இதுதான், படிக்கிறவர்கள் எல்லாம் அந்தப் பக்கம், அம்மா இந்தப் பக்கம். இன்னும் ரெண்டு பூஜை போனால் அந்தப் படம் காய்ந்துவிடும், அப்புறம் நான் என்ன செய்தாலும் அழியாது. இந்த வருஷம் என் பெயரில் ஒரு புத்தகம் இந்த அடுக்கில் இருக்க வேண்டும் என்று நான் ஆவணி மாசத்திலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன், நினைத்துக்கொண்டே கேஸ் புக்குக்குப் பொட்டு வைக்கிறேன்.

நிவி அப்போது கேட்ட ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது. ஆவணியில் ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போனது, ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது, பாயில் படுத்திருந்தவள், "அம்மா, ஃபேன் நின்னா காத்து எங்க போகுது?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது கூடப் பெரிதில்லை, இத்தனை வருஷம் ஃபேனுக்குக் கீழே படுத்திருக்கிறேன், ஒரு நாளாவது எனக்கு அந்தக் கேள்வி வரவில்லையே. "அப்பா வந்ததும் கேளு" என்றேன். அதற்கு முன்னால் மழை எதற்கு உப்புக் கரிக்கவில்லை என்றாள், அப்பாவைக் கேளு, நகம் வெட்டினால் ஏன் வலிக்கவில்லை என்றாள், சித்தப்பாவைக் கேளு. இப்போதெல்லாம் அவள் என்னிடம் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "எங்கம்மாவுக்குத் தெரியாது, எங்கம்மா தோசை சுடுவாங்க" என்று சொன்னாள், பெருமையாகத்தான் சொன்னாள். நான் ஏழாவதோடு நின்றவள். அம்மா ஸ்பின்னிங் மில்லுக்கு ஷிப்டு போக, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அது போகட்டும். நின்ற இடத்திலிருந்து மறுபடி புறப்படலாம் என்றால் எதைப் பிடித்துக்கொண்டு புறப்படுவது? அதைத்தான் கேட்டேன். ஒரு விஷயத்தைத் தானாகப் படித்துத் தெரிந்துகொள்ள நினைக்கிறவள் முதலில் எந்தப் புத்தகத்தை எடுக்க வேண்டும், காற்றுக்கு எது, கணக்குக்கு எது, உடம்புக்கு எது, சட்டத்துக்கு எது, இந்த ஊரில் இவ்வளவு பேர் படித்திருக்கிறார்களே, யாராவது ஒருத்தர் இதுதான் என்று கையில் எடுத்துக் கொடுக்கக் கூடாதா? ஹரியிடம் கேட்டேன், அதற்கே ஒரு வாரம் தைரியம் சேர்த்தேன், தோசைக் கல்லைப் பார்த்துக்கொண்டே, "தம்பி, இந்தக் காத்து, கரண்ட்டு, இதெல்லாம் தெரிஞ்சுக்கோணும்னா மொதல்ல எந்தப் புஸ்தகம்ங்?" என்றேன். "என்னங்க அண்ணி, ராக்கெட் கிக்கெட் விடப்போறீங்களா?" என்று சிரித்தான். கெட்டவன் இல்லை, சிரித்துவிட்டு உடனே ஒரு வெள்ளைக்காரர் பெயரைச் சொன்னான், "அதாங்க அண்ணி அல்டிமேட், அதப் படிச்சாப் போதும், வேறெதும் வேண்டாம்" என்றான். தமிழில் இருக்கிறதா என்றேன். "தமிழ்ல படிச்சா அந்த ஃபீல் வராதுங்க" என்றான். ஃபீல். எனக்குக் காற்று எங்கே போகிறது என்று தெரிந்தால் போதும், ஃபீலை அவனே வைத்துக்கொள்ளட்டும்.

செல்போனில் தேடினால் அது இன்னொரு கூத்து. வாழ்க்கையில் கட்டாயம் படிக்க வேண்டிய புத்தகங்கள் என்று ஒருத்தர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார், நானும் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுக் கேட்டேன், எல்லாம் பணக்காரர் ஆவது எப்படி, நாலு பேரை நம் பேச்சுக்கு ஆட்டிவைப்பது எப்படி, விடியற்காலையில் எழுந்தால் ஜெயிக்கலாம். நானும் எழுந்துகொண்டுதானே இருக்கிறேன், கோழி என்னைப் பார்த்துத்தான் எழுந்திருக்கிறது, எதை ஜெயித்தேன்? மார்க்கெட் ரோட்டில் கிளை நூலகம் இருக்கிறது, நிவியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிற வழி, வாசல் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பி வந்திருக்கிறேன், உள்ளே எல்லாம் ஆம்பளைகள், பேப்பர் படிக்கிறவர்கள், ஒரு பெண் உள்ளே வந்தால் பேப்பருக்கு மேலாக இத்தனை கண் எழும்புகிறது. ஒரு நாள் நுழைந்துவிட்டேன். மேஜையில் ஒரு மேடம். நல்லவர் மாதிரிதான் இருந்தார். "சொந்தமாப் படிச்சுத் தெரிஞ்சுக்கற மாதிரி புஸ்தகம் வேணும்ங் மேடம்" என்றேன். "குரூப் எக்ஸாமா? அந்த ரேக்" என்று கையைக் காட்டினார். போய்ப் பார்த்தேன். ரேக் முழுக்க வினா விடை. காற்றின் அழுத்தத்தை அளக்கும் கருவி எது, அ, ஆ, இ, ஈ, விடை இ. ஏன் இ? ஏன் அ இல்லை? அதற்கு அந்தப் புத்தகத்தில் இடம் இல்லை, அடுத்த கேள்வி வந்துவிட்டது. அறிவு என்றால் பொறுக்கிப் போட்டுப் பையைக் கட்டுகிற தக்காளி என்று நினைத்துவிட்டார்களா? திரும்பி வந்து, "பரீச்சைக்கு இல்லீங் மேடம், சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்றேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "தெரிஞ்சு?" என்றார். அவ்வளவுதான். தெரிஞ்சு? திட்டவில்லை, சிரிக்கக் கூட இல்லை, உண்மையாகவே கேட்டார். எனக்குக் காது சுட்டது. அப்புறம் அவரே இரக்கப்பட்டு மகளிர் அலமாரியைக் காட்டினார், நூறு வகைக் குழம்பு, ரங்கோலி, மெஹந்தி, குழந்தைக்குப் பெயர் வைக்கிற புத்தகம். பெயரெல்லாம் வைத்தாயிற்று மேடம், அந்தப் பெயர் வைத்த குழந்தைதான் இப்போது கேள்வி கேட்கிறது.

அதற்கும் அசராமல் போனேன், இதை நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்து வந்தேன், பீரோவில் நிவியின் பழைய ஸ்வெட்டருக்கு அடியில் வைத்து, எல்லோரும் வெளியே போனதும் எடுத்து, குக்கர் சத்தத்துக்கு நடுவில் படித்தேன். முன்னுரையைப் படித்தால் கண்ணில் தண்ணீர் வரும், எளிய தமிழில், யாவருக்கும் புரியும் வண்ணம், பாமரரும் பயனடைய என்று எழுதியிருப்பார்கள். அதை நம்பி அடுத்த பக்கத்தைத் திருப்பினால், "நாம் ஏற்கெனவே அறிந்தபடி" என்று இருக்கும். யார் அந்த நாம்? நீங்களும் இன்னும் யாரு? நான் எப்போது அறிந்தேன், எங்கே வைத்து எனக்குச் சொன்னீர்கள்? அதற்கடுத்து, "இதிலிருந்து எளிதில் காணலாம்." என்னால் காண முடியவில்லை. தலைகீழாகப் பிடித்தும் காணவில்லை. காணாதது என் குறைதான் என்று முதல் ரெண்டு புத்தகத்துக்கு அழுதேன், மூன்றாவது புத்தகத்துக்குத்தான் கோபம் வந்தது, எனக்கு எளிதில்லாததை எளிது என்று எழுதிவைத்துவிட்டுப் போனவர் கதவைத் திறந்து வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டவர். உடம்பைப் பற்றி ஒன்று கிடைத்தது, அது நன்றாகத்தான் போனது, இதயம், நுரையீரல், படம் போட்டு, பொறுமையாக. கர்ப்பப்பை என்று ஆரம்பிக்கிற இடத்தில் பக்கமே இல்லை. கிழித்திருக்கிறார்கள், பிளேடு வைத்து, சுத்தமாக. எவனுக்கோ படம் வேண்டியிருந்திருக்கிறது. எனக்குள்ளே இருப்பதை நான் தெரிந்துகொள்ள வேண்டிய பக்கம் எவன் தலையணைக்கு அடியில் கிடக்கிறதோ. பிரசவத்தில் டாக்டரம்மா என்னைக் கேட்காமல் என்னென்னவோ செய்தார், அவர் செய்தது சரியாகத்தான் இருக்கும், ஆனால் என்ன செய்தார் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, அந்தப் பக்கத்தில் இருந்திருக்கும். வரலாறு எடுத்தேன், ராஜா, அவர் மகன் ராஜா, அவர் கட்டின கோயில், அந்தக் கோயிலுக்குக் கல் சுமந்தவளுக்கு யார் சோறு போட்டது என்று ஒரு வரி இல்லை. அப்புறம்தான் இது. அடி அலமாரியில், அட்டை போன இடத்தில் காக்கிப் பேப்பர் ஒட்டி, யாரும் வாங்கிப்போன முத்திரையே இல்லாமல் கிடந்தது. எப்போதோ இரவுப் பள்ளிக்கூடத்துக்கு வருகிற பெரியவர்களுக்காக அச்சடித்ததாம். முதல் வரி, "இந்தப் புத்தகத்தைப் படிக்க உனக்கு முன்கூட்டி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம்." நாம் இல்லை, நீ. என்னைப் பார்த்து நீ. ரெண்டாவது வரி, "ஒரு டம்ளர் எடுத்துக்கொள்." எடுத்துக்கொண்டேன். அடியில் காகிதத்தைக் கசக்கி அமுக்கு, டம்ளரைக் கவிழ்த்து நேராகத் தண்ணீருக்குள் இறக்கு, காகிதம் நனைகிறதா பார். பாத்திரம் விளக்குகிற வாளியில் இறக்கினேன். வெளியே எடுத்தால் காகிதம் காய்ந்தபடி அப்படியே இருந்தது. உள்ளே காற்று இருக்கிறது, அது தண்ணீரை விடவில்லை. காற்று எங்கேயும் போகவில்லை நிவி, ஃபேன் நின்றாலும் இங்கேதான் இருக்கிறது, அசையாமல், டம்ளருக்குள் கூட, நீ தோளில் தொங்கினாயே, உனக்கும் எனக்கும் நடுவில் கூட. நான் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன், தட்டில்லாமல் சிரித்தேன்.

பீரோவிலிருந்து எடுத்துவந்து முழங்காலுக்கடியில் பேப்பருக்குக் கீழே ஒளித்த அந்தக் காக்கிப் புத்தகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டால் என்ன என்று இழுத்து மடியில் வைத்தேன், அந்த நேரம் பார்த்துக் குளித்துவிட்டு ஹரி வந்துவிட்டான், தலையைத் துவட்டிக்கொண்டே, "இன்னும் முடியலீங்களா அண்ணி? அந்தப் பச்ச அட்டைக்கு மட்டும் சந்தனம் தாராளமா வெய்யுங்க, அது எனக்கு ரெண்டு தடவ அரியர் வெச்சிருச்சு" என்றான். நான் பதறிப்போய்க் காக்கிப் புத்தகத்தைத் துடைக்காத குவியலுக்குள் சொருகினேன். சொருகிவிட்டு, "சரிங் தம்பி" என்றேன். அவன் சட்டை போடப் போய்விட்டான். திருடினதைப் போல ஒளித்துவைக்கிறேன். நான் எதைத் திருடினேன்? பக்கத்து அறையில் இருப்பவன் இவ்வளவு செங்கல்லை நடுக்கூடத்தில் பரப்பிவைத்திருக்கிறான், நான் காக்கிப் பேப்பர் ஒட்டின ஒரு புத்தகத்தை ஸ்வெட்டருக்கு அடியில் வைக்கிறேன். துடை, சந்தனம், குங்குமம். யாரும் என்னைப் படிக்கக் கூடாது என்று சொல்லவே இல்லையே, அதுதானே கொடுமை, தடுத்திருந்தால் தாண்டியிருப்பேன், இவர்கள் தடுக்கவில்லை, இவளுக்கு அது வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. துடை, சந்தனம், குங்குமம். தெரிஞ்சு? தெரிஞ்சு என்ன மேடம், தெரிஞ்சு ஒன்றும் செய்ய மாட்டேன், உங்கள் வேலையைப் பிடுங்க மாட்டேன், தெரிஞ்சு வைத்திருப்பேன், அவ்வளவுதான், ஹரிக்குத் தெரியலாம், அவருக்குத் தெரியலாம், அவர்களிடம் யாரும் தெரிஞ்சு என்று கேட்பதில்லை, என்னிடம் மட்டும் எதற்கு ரசீது கேட்கிறீர்கள், துடை, சந்தனம், குங்குமம்.

ஐயோ. காக்கிப் பேப்பர். வைத்துவிட்டேன். கை போன வேகத்தில் அதற்கும் வைத்துவிட்டது, நல்ல வட்டமாக, சந்தனமும் நடுவில் குங்குமமும், நூலகத்துப் புத்தகத்தில். காக்கிப் பேப்பர் எண்ணெயைக் குடிக்கிற மாதிரி குடிக்கிறது, மஞ்சளாக விரிகிறது. மேடம் என்ன சொல்வார், சாமி கும்பிட வேறு புத்தகம் கிடைக்கவில்லையா என்பார். துடைத்துவிடலாம். துணி கையில்தான் இருக்கிறது. துடைத்தால் சிவப்பு இழுத்துக்கொண்டு போகும், அதுவும் நல்ல நாளில் வைத்த பொட்டை அழிப்பதா, அத்தை பார்த்தால் மூன்று நாளைக்குச் சோறு இறங்காது அவருக்கு. அதுவும் இல்லை, உண்மையைச் சொன்னால் எனக்கே துடைக்க மனசில்லை. ஹரியின் பச்சை அட்டைக்கு இருக்கிற அதே பொட்டு இதற்கும் இருக்கிறது. பொட்டு வைத்ததை மறுபடி ஸ்வெட்டருக்கு அடியில் தள்ள முடியாது. அடுக்கில் வைத்தால், அத்தை துண்டைப் போர்த்திவிட்டால், விடியும் வரைக்கும் யாரும் உருவ முடியாது, அத்தையே உருவ முடியாது. ஆனால் விடிந்தால்? துண்டை எடுப்பார், எல்லோரும் எடுப்பார்கள், கடைசியில் இது ஒன்று மிஞ்சும், இது யாருதுடா என்பார். யாருது. வழக்கம் எனக்கும் வழக்கம்தானே, சத்தமாக நாலு வரி. எனக்கு எல்லோர் முன்னாலும் பேசினால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், பள்ளிக்கூடத்தில் டீச்சர் எழுப்பிப் படிக்கச் சொன்னால் உதடு அசையும் சத்தம் வராது, பையன்கள் சிரிப்பார்கள், உட்காரு என்கிற வரைக்கும் நிற்பேன். நாளைக்கு யாரும் உட்காரு என்று சொல்ல மாட்டார்கள், எல்லோரும் காபிக்காகக் காத்திருப்பார்கள். எதுவும் தெரிந்திருக்க வேண்டாம் என்று நான் படித்தால் ஹரி சிரிப்பான், கெட்ட சிரிப்பு இல்லை, அவர் கூட, "அடேங்கப்பா" என்பார். சிரிக்கட்டும். நிவி சிரிக்க மாட்டாள். நிவி டம்ளர் எங்கே என்று கேட்பாள். அவள் கேட்டால் போதும், மறுபடியும் ஒரு தடவை என்னைப் பார்த்து அவள் கேட்டால் போதும், சத்தம் வராவிட்டால் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுகிறேன், அப்புறம் சத்தம் தானாக வரும், இல்லை, முதலில் சத்தம்தான், இப்போதே ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன், இந்தப் புத்தகத்தைப் படிக்க, இன்னும் கொஞ்சம் உரக்க, இந்தப் புத்தகத்தைப் படிக்க உனக்கு, பூஜை அறையிலிருந்து அத்தை, "துளசீ! நல்ல நேரம் போகுது, புஸ்தகத்தைக் கொண்டா கண்ணு!" வந்துட்டேனுங் அத்தை, தூக்கிவிட்டேன், கனமாகத்தான் இருக்கிறது, கேஸ் புக் அடியில், ஹரியுடையது நடுவில், காக்கியை மேலே வைத்திருக்கிறேன், பொட்டு தெரிகிற மாதிரி, அத்தை கேட்டால், இப்போதே கேட்டாலும், சரிங் என்று சொல்லாமல், இது என்னுதுங் அத்தை என்பேன்.